மகிழமரத்தடியில் படித்த புராணம்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்குச் செல்வோர் வடிவுடையம்மனை வணங்கிவிட்டு மகிழமரத்தடியிலும் சற்று நின்று திரும்புவது வழக்கம். சுந்தரர் சங்கிலியாருக்குச் சூளுரைத்த இடம் அது. அந்தக் கோயிலில் இரண்டாம் இராசாதிராசனின் ஒன்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டின் எழுபதுகளைச் சேர்ந்தது. பங்குனி உத்திரத் திருவிழாவில், இறைவன் மகிழின்கீழ் எழுந்தருளியிருக்க, ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் படிக்கப்பட்டதையும், மன்னன் அதைக் கேட்டிருந்ததையும், சதுரானன பண்டிதர் முதலானோர் உடனிருந்ததையும் அது தெரிவிக்கிறது. ஆளுடைய நம்பி என்பது சுந்தரரின் பெயர். அன்று படிக்கப்பட்டது சேக்கிழாரின் நூலே என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

ஒருவர் நூலைப் படிக்க மற்றவர்கள் கூடியிருந்து கேட்பது கல்லில் வெட்டிவைக்கத் தக்க நிகழ்ச்சியாக மதிக்கப்பட்டிருக்கிறது என்பதே இதில் நம்மைக் கவர்வது. சுந்தரர் ஆணையிட்ட கதையை, அவர் ஆணையிட்டதாகச் சொல்லப்படும் மரத்தடியிலேயே படிக்கிறார்கள். கருவறையில் நின்று ஆணையிடப் போகிறேன், அப்போது நீர் மகிழின்கீழ் இருந்துகொள்ளும் என்று இறைவனிடம் சுந்தரர் தந்திரமாகக் கேட்டுக்கொள்வதும், இறைவன் சங்கிலியாரின் பக்கம் சாய்ந்து மகிழின்கீழேயே ஆணை கேட்கச் செய்வதும் கதையின் சுவையான திருப்பங்கள். இறைவன் திருமேனியே மகிழின்கீழ் வீற்றிருக்கும்போது அதைப் படித்தவர், அந்த இடத்தில் குரலை எப்படித் திருப்பியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு.

இன்று இதை எழுதத் தூண்டியது ஒலிநூல்களைப் பற்றிய ஒரு பேச்சு. 2023 சனவரியில் ஆப்பிள் நிறுவனம் இயந்திரக் குரலில் படிக்கப்பட்ட ஆங்கில ஒலிநூல்களைத் தன் கடையில் வைத்தது. 2025 மே மாதத்தில் ஆடிபிள் நிறுவனமும் பதிப்பகங்களுக்குச் செயற்கை நுண்ணறிவுக் குரல்களை வழங்கப்போவதாக அறிவித்தது. இனி நூலைப் படிக்க மனிதர் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இதற்கு விடை சொல்லுமுன், படிப்பவர் என்ற மனிதர் இதுவரை என்ன செய்துவந்தார் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. வடசென்னைத் தெருக்களே போதும்.

*

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சபாபதி என்ற புராணப் பிரசங்கியார் வாழ்ந்தார். அவருடைய தம்பி இராமலிங்கம், பின்னாளில் வள்ளலார் என்று உலகம் போற்றியவர். அக்காலப் பிரசங்கத்தில் ஒருவர் பாட்டைப் படிப்பார். மற்றவர் பொருள் விரிப்பார். படிப்பவரின் வேலையைக் கையேடு வாசித்தல் என்பார்கள். ஒருமுறை அண்ணனுக்கு உடல்நலமில்லை. முத்தியாலுப்பேட்டை சோமு செட்டியார் வீட்டில் பெரியபுராணத் தொடர் பிரசங்கம் தடைபடக் கூடாதே என்று, சில பாடல்களை மட்டும் படித்துவிட்டு வரும்படி தம்பியை அனுப்பினார். போன தம்பி நள்ளிரவுவரை பொருள் விரித்ததாகவும், மறுநாளும் அவரே வரவேண்டுமென்று கூடியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டதாகவும் வள்ளலாரின் வரலாறுகள் சொல்கின்றன. இளமையில் அவர் நாள்தோறும் நடந்து சென்று வழிபட்டது திருவொற்றியூரையே.

இந்நிகழ்ச்சியைத் தெய்வீக அற்புதமாகச் சொல்வது மரபு. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் கையேடு வாசிப்பவரின் தொழிலை அறிந்தவர்களுக்கு இன்னொன்றும் விளங்கும். பாட்டைச் சீர்பிரித்துப் படிப்பதா, சந்திபிரித்துப் படிப்பதா, எந்தச் சொல்லில் மூச்சு வாங்குவது, எந்த அடியை இரண்டாம் முறை படிப்பது ஆகியவற்றை முடிவுசெய்பவர் ஏற்கனவே உரையாசிரியரின் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறார். பொருள் புரியாமல் சந்தி பிரிக்க முடியாது. தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் வில்லிபாரதம் படிக்கும் பாரதப் பிரசங்கியாரிடமும் இதைக் காணலாம். பகலில் அவர் படித்துச் சொன்ன கதையை இரவில் கூத்தர்கள் ஆடுவார்கள். ஊருக்குப் பாரதம் என்பது அச்சிட்ட நூலாக இருந்ததைவிட, ஆண்டுதோறும் வந்துபோகும் ஒரு குரலாகவே பெரிதும் இருந்தது.

அச்சு வந்ததும் இது மறைந்துவிட்டதா என்றால் இல்லை. இராயபுரத்தை அடுத்த கொண்டித்தோப்பில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களை நம் பாட்டிமார் காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை என அவை தமிழ்நாடெங்கும் சென்றன. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டதற்குக் காரணம் எளியது: விளக்கு வெளிச்சத்தில், எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய ஒருவர், சுற்றி அமர்ந்த பத்துப்பேருக்காக உரக்கப் படிக்க வேண்டும். ஒரு புத்தகம் விற்றால் ஒரு தெரு கேட்டது. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் எறியும் கட்டத்தில் படிப்பவரின் தொண்டை அடைத்தால் கேட்பவர்களும் அழுதார்கள்.

*

இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. துறைமுகம், தீப்பெட்டித் தொழிற்சாலையான விம்கோ, திருவொற்றியூரில் உற்பத்தி தொடங்கிய என்ஃபீல்டு, எண்ணூரில் அசோக் லேலண்டு என்று அடுத்த நூறாண்டில் இக்கடற்கரை தொழிலாளர்களின் ஊராயிற்று. 1951 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு 18 விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. ஆயினும் வடசென்னைத் தொழிலாளர்கள் உலகச் செய்திகளை விவாதித்தார்கள். எப்படி? படிப்பகங்களிலும் முடிதிருத்தகங்களிலும் தேநீர்க் கடை விசுப்பலகைகளிலும் ஒருவர் 'விடுதலை'யையோ 'ஜனசக்தி'யையோ 'திராவிட நாடு' இதழையோ உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். தலையங்கத்தைப் படிப்பவர் நடுவில் நிறுத்தித் தன் கருத்தைச் சேர்ப்பார்; கேட்பவர் குறுக்கிடுவார்; படித்த வரியையே திரும்பப் படிக்கச் சொல்வார். 1949 செப்டம்பர் 18 அன்று இராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் நின்று தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டத்தைக் கேட்ட கூட்டத்தின் செவிகளை ஓரளவு பழக்கியவை இத்தகைய வாசிப்புகளே என்று சொல்லத் தோன்றுகிறது.

இதையே தொழிற்சாலைக்குள் அமைப்பாக்கிக்கொண்ட ஊர் ஹவானா. 1865இல் கியூபாவின் 'எல் ஃபிகாரோ' சுருட்டுத் தொழிற்சாலையில், கை வேலைசெய்ய, காது சும்மாயிருக்கிறதே என்று வாசிப்பாளர் ஒருவரை நியமித்தார்கள். தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பணம் திரட்டி அவருக்கு ஊதியம் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவுசெய்தார்கள். 'மான்டி கிறிஸ்டோ கோமகன்' நாவலின் பெயர் சுருட்டுக்கே சூட்டப்பட்டது அங்கேதான். நமக்கு அருகில் கண்ணூரில் 1969இல் தொடங்கப்பட்ட தினேஷ் பீடிக் கூட்டுறவிலும் ஒருவர் செய்தித்தாள் படிக்க, மற்றவர்கள் பீடி சுற்றும் வழக்கம் இருந்தது. படிப்பவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். திருவொற்றியூர் ஆலைகளின் இரைச்சலில் இது நடவாது. ஆகவே நம் வாசிப்பு ஆலைவாசலுக்கு வெளியே நடந்தது.

ஹவானாவின் வழக்கம் அமெரிக்காவின் டாம்பா நகரச் சுருட்டாலைகளுக்கும் சென்றது. 1931இல் அங்குள்ள முதலாளிகள் வாசிப்பாளர்களை விலக்கினார்கள். அவர்கள் புரட்சிக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. வாசிப்பாளரின் இடத்தை வானொலிப் பெட்டி பிடித்தது. படிக்கும் மனிதருக்குப் பதில் ஒரு கருவியை வைப்பது செயற்கை நுண்ணறிவின் காலத்தில் தொடங்கியதன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். வானொலியின் குரல் வாசிப்பாளருடையதைவிடத் தெளிவாகவே இருந்திருக்கும். ஆனால் அதற்கு ஊதியம் கொடுத்தவர்கள் தொழிலாளர்களல்லர்; எந்த நூல் வேண்டும் என்று அதனிடம் அவர்கள் கேட்கவும் முடியாது.

இதனால் வானொலியையே பழிப்பதாகக் கொள்ளவேண்டாம். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பியது. பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. பூர்ணம் விசுவநாதன், சரோஜ் நாராயண்சுவாமி ஆகியோரின் குரல்களை ஒருதலைமுறையே உறவினர் குரலாக அறிந்திருந்தது. கருவி வழியே வந்தாலும் அங்கே படித்தவர் பெயருள்ள மனிதர். தவறாக உச்சரித்தால் நேயர்கள் கடிதம் எழுதினார்கள்.

ஒலிநூலின் வரலாறும் இப்படித்தான். 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த மறு ஆண்டே, அதன் பயன்களில் ஒன்றாகப் பார்வையற்றோருக்கான பேசும் நூல்களைக் குறிப்பிட்டார். 1930களின் நடுவில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. போரில் பார்வையிழந்த வீரர்கள் அவற்றை முதலில் கேட்டவர்களுள் அடங்குவர். தமிழில் 2000களின் பிற்பகுதியில் கிழக்கு பதிப்பகம் எம்பி3 குறுவட்டுகளாக ஒலிநூல்களை வெளியிட்டது. பாம்பே கண்ணன் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பல நடிகர்களின் குரல்களோடு ஒலிநூலாக்கினார்.

*

தமிழுக்கு வருவோம். நம் எழுத்துமுறை படிப்பவரை நம்பி நிற்பது. வல்லின எழுத்து ஒவ்வொன்றுக்கும் இடத்துக்கேற்ற ஒலிகள் உண்டு. வடசொல்லும் பிறமொழிச் சொல்லும் கலந்தபின் குழப்பம் மிகுந்துவிட்டது. 'பீமன் கதையை எடுத்தான்' என்று எழுதினால், அவன் எடுத்தது தண்டாயுதமா, சொல்லப்போகும் வரலாறா? எழுத்து இரண்டுக்கும் ஒன்றே, உச்சரிப்பு வேறு. 'பாவம்' செய்தவனும் 'பாவம்' காட்டி ஆடியவளும் தாளில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறார்கள். கேட்பவர் தடுமாறாதபடி முடிவெடுப்பவர் படிப்பவரே.

வடசென்னையைப் பற்றிய எழுத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. கரன் கார்க்கியின் 'கறுப்பர் நகரம்', பாக்கியம் சங்கரின் 'நான்காம் சுவர்' போன்றவற்றில் இப்பகுதியின் பேச்சு தன்மானத்தோடு அச்சேறியிருக்கிறது. அதைச் சீரான மேடைத் தமிழில் படித்தால் மனிதர்கள் காணாமற்போவார்கள். திரைப்படம் நமக்குப் பழக்கிய கேலி இழுப்போடு படித்தால் அவமதிக்கப்படுவார்கள். காசிமேட்டு ஏலத்தில் மீன் விற்கும் பெண்ணொருத்தி கோபத்தில் பேசுவதற்கும் கொஞ்சிப் பேசுவதற்கும் சொற்கள் சிலவேளை ஒன்றாகவே இருக்கும். வேற்றுமை தொனியில் கிடக்கும். அந்தத் தொனியை அறிய அவளோடு வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது வாழ்ந்தவர்களிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

இயந்திரம் இதையெல்லாம் நாளை கற்றுக்கொள்ளலாம், கற்றும் வருகிறது. பீமனின் கதை எது என்பதைச் சூழல்நோக்கிச் சரியாக ஒலிக்கும் மென்பொருளும் வரத்தான் போகிறது. ஆகவே இயந்திரம் தவறு செய்கிறது என்பதை மட்டும் நம்பி மனிதக் குரலுக்காக வாதிடுவது மணலில் கட்டிய வீடாகும். வாதம் வேறிடத்திலிருந்து தொடங்கவேண்டும். அதை நமக்குக் கற்பித்தவர் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் படித்த அவர் பிறவியிலேயே பார்வையற்றவர்; திருவொற்றியூர்க்காரர். உரைநடைப் பாடங்களை அவர் கைப்பேசியின் திரைபடிப்பான் வழியே, நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் கேட்டுவிடுவார். 2006இல் தொடங்கப்பட்ட என்விடிஏ என்ற இலவச மென்பொருள் அவரைப் போன்ற பலருக்கும் கணிப்பொறியைத் திறந்துவிட்டது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களை ஆக்குவதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை என்றாக்கியது. 2013ஆம் ஆண்டின் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே. இருந்தும் தமிழ் நூல்களில் மனிதர் படித்துப் பதிவானவை கடலில் ஒரு கையளவு. இயந்திரக் குரல் இல்லாதிருந்தால் அம்மாணவியால் பட்டப்படிப்பை முடித்திருக்க முடியாது. அக்குரலை இகழும் உரிமை, பார்வையுள்ள நமக்கு இல்லை.

பாடத்தில் பெரியபுராணப் பகுதி இருந்தது. செய்யுளை மட்டும் படித்துப் பதிந்து தரமுடியுமா என்று கேட்டார். ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துள் வரும் சங்கிலியார் பகுதியை மூன்று மாலைகளில் சந்திபிரித்துப் படித்துக் கொடுத்தோம். சுந்தரர் ஆணையை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களின் பார்வையும் மறைகிறது. காஞ்சியில் ஒன்றும் திருவாரூரில் மற்றொன்றும் மீள்கின்றன. ஒரு வாரம் கழித்து அம்மாணவி வந்து சொன்னது நினைவில் அப்படியே இருக்கிறது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஐயா. ஆனா கண்ணு போற எடத்துல மட்டும் வேகமா தாண்டிட்டீங்க. ஃபோன் அப்படித் தாண்டாது."

பதிவைப் போட்டுக் கேட்டோம். உண்மை. மற்றப் பாடல்களில் நின்று நிதானித்த குரல் அங்கே விரைந்திருந்தது. அவருக்கு வருத்தமளிக்குமோ என்ற தயக்கம், நாம் அறியாமலே மூச்சில் புகுந்திருக்கிறது. இரக்கம் என்று நாம் எண்ணியிருந்தது, அவரைக் கேட்பவராக மதிக்கத் தவறியதே. "அந்தப் பாட்டை மறுபடியும் படிச்சுக் குடுங்க ஐயா. சுந்தரர் பட்ட கஷ்டம் முழுசா வேணும்" என்றார். படித்தோம். இரண்டாம் முறை எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றோம்.

இந்தச் சிறிய நிகழ்ச்சியில் இயந்திரம் நம்மைவிட நேர்மையாக நடந்துகொண்டது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். யாருக்குப் படிக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கூசவும் கூசாது. நாமோ யாருக்குப் படிக்கிறோம் என்று அறிந்திருந்ததனால் தவறினோம். அதே காரணத்தால்தான் அவர் வந்து கேட்டபோது திருத்தவும் முடிந்தது. சோமு செட்டியார் வீட்டுக் கூட்டம் மறுநாளும் இவரே வரட்டும் என்றதும், தேநீர்க் கடையில் அந்த வரியை இன்னொருதரம் படி என்றதும், டாம்பா தொழிலாளர்கள் வாசிப்பாளருக்காக வேலையை நிறுத்தியதும் இந்த உறவின் பெயராலேயே. படிப்பவர் கேட்பவர்களுக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர். மனிதக் குரலின் மதிப்பு அதன் இனிமையில் இருப்பதைவிட இதில்தான் அதிகம் இருக்கிறதென்று நமக்குப் படுகிறது.

*

குரலுக்கு உரியவர் யார் என்ற கேள்வியும் இப்போது எழுந்திருக்கிறது. 2024 சனவரியில் 'லால் சலாம்' படப் பாடலொன்றில், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரகுமான் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவர் தெரிவித்தார். அதே ஆண்டு சூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், ஒருவரின் குரலை அனுமதியின்றி இயந்திரத்தால் படியெடுப்பதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1994இலேயே நிகழ்த்துவோர் உரிமையை நம் பதிப்புரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. 2012இல் அது வலுப்பெற்றது. புகழ்பெற்றவர்கள் நீதிமன்றம் செல்வார்கள். மணிக்கணக்குக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஒலிநூல் படிக்கும் இளம் நாடகக் கலைஞரின் குரலை, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து என்றென்றைக்கும் வாங்கிவிடலாம். அவருக்காகப் பேசுவதற்கும் யாராவது வேண்டும்.

நாம் விரும்புவது பெரிய காரியமொன்றுமில்லை. செய்தித்தாளையும் பாடக்குறிப்பையும் அலுவலகச் சுற்றறிக்கையையும் இயந்திரம் படிக்கட்டும். எவ்வளவு விரைவாக, எவ்வளவு மலிவாகப் படிக்கிறதோ அவ்வளவு நல்லது. கதையும் கவிதையும் வாழ்க்கை வரலாறும் ஒலிநூலாகும்போது படித்தவர் பெயர் நூலாசிரியர் பெயருக்கு அருகில் இருக்கட்டும். இயந்திரம் படித்ததென்றால் அதையும் அட்டையிலேயே சொல்லிவிடட்டும். தமிழ் படித்த நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு நூலையாவது பார்வையற்ற ஒருவருக்காகப் படித்துப் பதிவோம். அவர் குறை சொன்னால் திரும்பப் படிப்போம்.

அம்மாணவி இப்போது வேறோரூரில் ஆசிரியராக இருக்கிறார். ஒரு பங்குனி உத்திரத்தன்று தொலைபேசியில் அழைத்து, கோயிலுக்கு வந்திருப்பதாகவும் மகிழமரத்தடியில் நின்று அந்தப் பதிவைக் கேட்டதாகவும் சொன்னார். எந்தப் பதிவை, முதலாவதா இரண்டாவதா என்று கேட்டோம். "ரெண்டையுந்தான் ஐயா" என்று சிரித்தார்.